பழைய இலை காயட்டும்

ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் கண்ணாடிப் புட்டிக்குள் வளர்ந்த வாழைக்கன்றுக்கு மூன்று விஷயங்கள் தெரியாது: வெயில், காற்று, தாகம். உணவு கூழாக வேரடியிலேயே இருக்கும். புட்டி முழுக்க ஈரம் நிற்கும். அதனால் இலைமேல் மெழுகு சரியாகப் படியாது. இலைத் துளைகளுக்கு மூடிக்கொள்ளவும் வராது. எடுத்து வெளியே வைத்தால் மத்தியானத்துக்குள் துவண்டுவிடும். ஆகவே பழக்க வேண்டும். முதலில் பிளாஸ்டிக் தாள் போட்ட கூடாரமும் பனிபோன்ற தெளிப்பும். பிறகு தாளில் ஒரு சிறு திறப்பு. பிறகு தாளே இல்லாமல் நிழல்வலை மட்டும். தெளிப்பையும் ஒவ்வொரு கட்டத்திலும் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

இதைத்தான் படித்தேன். ஓர் ஆய்வகத்தில் இதே வேலையைப் பார்த்தேன். அந்த வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊர் மானாம்பதிக்குத் திரும்பி, ஏரிக் கால்வாயை ஒட்டிய எங்கள் துண்டு நிலத்தில் நிழல்வலை அடித்துப் புட்டிக்கன்றுகளை இறக்கினேன். நிலம் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. சித்தப்பா கெடு வைத்துத்தான் விட்டார்.

"சித்திரையில சொர்ணவாரி நெல்லுக்கு ஏரோட்ட வருவேன். அன்னிக்கி கன்னு உசுரோட நிக்கணும். இல்லியா, வலைய சுருட்டிக்கினு மாப்ள பாக்க ஒத்துக்கோ. போற எடத்துல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு இரு. அவ்ளோதான் பொம்பளைக்கு."

நான் ஒத்துக்கொண்டேன், கன்றுகளை நம்பி.

பங்குனியில் தாளை எடுத்தேன். எதிர்பார்த்தபடியே இலை ஓரங்கள் கருகின. புட்டியில் முளைத்த இலையைத் திருத்த முடியாது. அது காய்ந்து போகும். வெளிக் காற்றில் கன்று தானாக விடும் புது இலைதான் வெயிலைத் தாங்கும். பழகிக்கொள்வது என்றால் குனிந்து போவது என்றுதான் எனக்கு எல்லோரும் சொல்லித் தந்திருந்தார்கள். கன்று அப்படிச் செய்வதில்லை. பழையதை உதறிவிட்டுத் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது.

கால்வாய்க் கரையில் மாடு ஓட்டிப்போன பக்கத்து வீட்டு அத்தைக்கு இதெல்லாம் சிரிப்பு. "படிச்ச பொண்ணு வாயக்கன்ன வறுத்துக்கினு கீது. உப்பு காரம் போட்டியாமே?"

"நீ வா அத்த, தட்டுல வெச்சுத் தரேன்," என்றேன்.

கன்றுகளை மாற்றி வைக்கப் பை வாங்கக் காஞ்சிபுரம் போன நாளில்தான் வினை வந்தது. திரும்பி வரும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வலைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கன்றுகளோடு தரையில் வைத்திருந்த குழித்தட்டுகள் பாதி மூழ்கி நின்றன. நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடை திருப்பிக்கொண்டிருந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"வாடிக்கினு கீதும்மா. பாக்க முடில. தண்ணி கட்டிட்டேன்."

வாழ்நாள் முழுக்க நெல் வைத்தவர். பயிர் வாடினால் மடையைத் திறக்கும் கை அது.

"நைனா, இது நெல்லு இல்ல. வேரு மூச்சு முட்டி அழுவிடும்."

"ஒரு நாளு தண்ணிக்கா?"

மோட்டாரை நிறுத்தி, வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்து, அம்மாவும் நானும் தட்டுகளைச் செங்கல்மேல் ஏற்றினோம். கால்வாய்ப் பக்கத்து வரிசைகள் பிழைக்கவில்லை. தண்டு கொழகொழவென்று கையோடு வந்தது. அவற்றைத் தனியாகக் குவித்தேன். பிறகு மோட்டார் கொட்டகைக்குப் போய், யாரும் மோட்டார் போட முடியாதபடி பீஸ் கட்டையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டேன். நவரை நெல்லை அறுத்துக் கழனி காய்ந்து கிடந்த சமயம். அந்தத் தண்ணீர் வேறு எந்தப் பயிருக்கும் தேவைப்படவில்லை.

சேதி கேட்டு சித்தப்பா வந்தார். "இன்னாம்மா, வூட்டு மோட்டாருக்கே பூட்டா?"

"நீங்க வெச்ச கெடு முடியறவரிக்கும் தண்ணி என் பொறுப்பு சித்தப்பா."

"பெரியவங்களாண்ட இப்டிப் பேசாதடி," என்றாள் அம்மா, அடுத்த தட்டை என்னிடம் நீட்டிக்கொண்டே.

சித்திரையில் டிராக்டரோடு வந்து நின்றார் சித்தப்பா. வலைக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னா கீது இங்க? வெறும் சருகு."

ஒரு தட்டைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். காய்ந்த இலைகளை விரலால் விலக்கினேன். நடுவில் குருத்து பிரிந்து ஒரு புது இலை. சிறியது, தடித்தது, கரும்பச்சை. கையில் தண்ணீர் எடுத்து அதன்மேல் தெளித்தேன். தண்ணீர் ஒட்டவில்லை, மணி மணியாக உருண்டு விழுந்தது. இலையில் மெழுகு ஏறியிருந்தது. சித்தப்பா நம்பாமல் தள்ளியிருந்த தட்டு ஒன்றில் தானே தெளித்துப் பார்த்தார். அதிலும் உருண்டது.

"அப்ப அந்தக் குப்பையில கெடக்கறது?"

"அது தண்ணியில செத்தது. வெயில்ல ஒண்ணும் சாவல."

வரப்பில் நின்றிருந்த நைனா என்னைப் பார்க்கவில்லை. டிராக்டர்காரரைப் பார்த்து, "வண்டிய அந்தாண்ட கழனிக்குத் திருப்புப்பா," என்றார்.

"அண்ணா, அப்ப மாப்ள விஷயம்?" என்றார் சித்தப்பா.

"நீ வெச்ச கெடுதானே? கன்னுதான் உசுரோட நிக்குதே," என்றார் நைனா.

நான் விடவில்லை. "அடுத்த லோடு கன்னு வருது சித்தப்பா. இன்னும் ஒரு துண்டு எடம் வேணும்."

"பேஜாரு புடிச்ச பொண்ணு," என்று முனகிக்கொண்டே டிராக்டரில் ஏறினார். இல்லை என்று சொல்லவில்லை.

அன்று மத்தியானமே வலையின் மேற்குப் பக்கக் கயிற்றை அவிழ்த்தேன். வெயில் நேராகக் கன்றுகள்மேல் விழுந்தது. சில இலைகள் சற்றே தொங்கின. தொங்கட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த கயிற்றுக்குப் போனேன்.