குவைத் போகுமுன் ஒரு முன்பல்

இலங்கையின் கம்பளை ஊரில் நான் பல் கிளினிக் நடத்திய காலத்தில், வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் புறப்படுகிற பெண்கள் பலர் என்னிடம் வருவார்கள். சந்தேகமான பல்லையெல்லாம் பிடுங்கிவிட்டு விமானம் ஏறுவது அவர்களிடம் ஒரு வழக்கமாகவே இருந்தது. எனக்கோ அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து புஷ்பா புருஷனோடும் ஐந்து வயது மகளோடும் வந்தாள். பல் பார்க்கும் கதிரையில் சாய்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“நாலு சொத்தைப் பல்லையும் புடுங்கிருங்க மிஸ். அடுத்த கிழமை குவைத் போறேன். அங்க வலிச்சா மேடம் லீவு குடுப்பாங்களா?”

பயம் நியாயமானதுதான். பார்த்தேன். ஒரு கடைவாய்ப்பல் வேர்வரை அழுகியிருந்தது. அதை எடுத்தே ஆகவேண்டும். மற்ற மூன்றும் சின்னச் சொத்தைகள், அடைத்தால் போதும். அதில் ஒன்று முன்பல்.

“நல்ல பல்லைப் பிடுங்க எனக்கு ஏலாது, புஷ்பா.”

“அங்க வலிச்சா நீங்க வருவீங்களா மிஸ்?”

மகளைக் காட்டினேன். “தினமும் வீடியோ கோல் எடுப்பீங்கதானே? இவ பார்க்கப்போறது அந்த முன்பல்லைத்தான்.”

புஷ்பா வாயை இறுக மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தானாகவே திறந்தாள்.

ஒன்றை எடுத்து மூன்றை அடைத்தேன். பிறகு என் வழக்கமான பிரசங்கம்: காலையும் படுக்குமுன்னும் புளோரைட் பேஸ்ட்டால் துலக்க வேண்டும், நுரையைத் துப்பினால் போதும், உடனே கொப்பளிக்கக் கூடாது, சீனி போட்ட தேத்தண்ணியை அடிக்கடி உறிஞ்சக் கூடாது. மகளின் பாற்பற்களிலும் சொத்தையின் தொடக்கமான வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. கவனித்தால் அதோடு நின்றுவிடும். “சின்னப் பிள்ளைக்குப் பெரியவங்கதான் துலக்கி விடணும்” என்றேன்.

“நான் போயிட்டா யாரு மிஸ் துலக்கி விடுவா?” அவள் கண் கலங்கிவிட்டது.

“நான் வெளக்கி விடுறேன். நீ போன்ல பாத்துக்க” என்றான் புருஷன்.

பல்லைப் பிடுங்கச் சொல்லி வருபவரிடம், எங்கே போகிறார், யாரை விட்டுப் போகிறார் என்று முதலில் கேட்க நான் பழகியது அன்றுதான். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தவள் மகளோடு கிளினிக்குக்கு வந்தாள். அடைத்தவை அப்படியே இருந்தன. மகள் வாயில் ஒரு சொத்தைகூட இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

“இனி நீங்களே பக்கத்தில நின்னு துலக்கி விடலாம்” என்றேன்.

“பக்கத்துலதான் நிக்கிறேன் மிஸ். ஆனா போன் கேமராவைப் போட்டுச் செவத்துல சாச்சு வச்சு, அதுக்குள்ள நான் தெரிஞ்சாத்தான் வாயைத் தொறக்குறா.”