பெட்டியில் வந்த நூற்று ஐம்பத்தெட்டு

என் அக்கா மின்சாரச் சாமான்களின் படம் வரைகிறாள். கடையில் நீங்கள் ஒரு இஸ்திரிப் பெட்டியோ சுவர்க் கடிகாரமோ வாங்கும்போது அட்டைப் பெட்டியின் மேல் பளபளவென்று ஒரு படம் இருக்கும் அல்லவா, அது போட்டோ என்று நினைப்பீர்கள். அவள் வேலை செய்யும் இடத்தில் அது போட்டோ இல்லை. போட்டோ எடுத்தால் விரல் ரேகை தெரியும், தூசி தெரியும், கண்ணாடித் திரையில் எடுப்பவரின் மூஞ்சியே தெரியும். அதனால் பொருளை மேஜையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து, கம்ப்யூட்டரில் புதிதாக ஒன்றை வரைந்துவிடுவார்கள். பதினொரு வருடமாக அவள் செய்வது இதைத்தான்.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. பார்ப்பவர்கள் இன்னும் ஐந்தாறு கூட்டிச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவருகிலேயே கொஞ்ச நேரம் நிற்பாள். அடுத்து எந்த அறைக்குப் போவது என்று முடிவு செய்யக்கூட அவளுக்குத் தெம்பு இருக்காது.

அவள் எப்படி வரைகிறாள் என்று சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். முதலில் மூலை மழுங்கிய ஒரு கட்டம். அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக லேயர்கள், கண்ணாடித் தாள்களை அடுக்குவது போல. வெளிச்சம் எப்போதும் இடது பக்கம் மேலேயிருந்து வர வேண்டும். அந்த விளிம்பில் மட்டும் முடி அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. பிளாஸ்டிக் மொழுமொழுவென்று இருந்தால் பொம்மை மாதிரி தெரியும் என்பதால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கொஞ்சம் சொரசொரப்பைத் தூவுவாள். நிழல் இரண்டு: பொருளை ஒட்டி இறுக்கமாகக் கறுப்பாய் ஒன்று, தள்ளிப் புகை போல ஒன்று. இரண்டாவது இல்லாவிட்டால் பொருள் அந்தரத்தில் தொங்கும். ஒரு பொருளுக்கு எழுபது எண்பது லேயர் வரை போகும். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பாள். "பித்தான்", "பித்தான் பள்ளம்", "பள்ளத்து நிழல்" என்று.

அன்றைக்கு மேஜைக்கு வந்தது ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. கையில் சுற்றும் துணிப்பட்டையோடு கம்பெனிக்காரர்கள் ஒரு சாம்பிள் அனுப்பியிருந்தார்கள். அதைக் கொண்டுவந்து வைத்த முதலாளி, அக்கா லீவு கேட்டு எழுதியிருந்த தாளையும் பக்கத்திலேயே வைத்தார். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவிர அவளுக்கு லீவு கிடையாது. பத்து நாள் கேட்டிருந்தாள். எங்கேயும் போவதற்கு இல்லை. தூங்குவதற்கு.

"இந்தப் பெட்டி கம்பெனிக்காரங்ககிட்ட முதல் தடவையே பாஸ் ஆகட்டும்மா. பத்து நாள் நீ இருக்கியா இல்லியான்னு கூட நான் கேக்க மாட்டேன்" என்றார் முதலாளி.

"இஸ்திரிப் பெட்டிக்கும் இதேதான் சொன்னீங்க சார்."

"அது ரெண்டாவது தடவையிலதானே பாஸ் ஆச்சு. நான் சொன்னது முதல் தடவை."

அட்டையை வெட்டி மடிக்கக் கோடு போடுபவரைக் கத்தரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் தலையைத் தூக்காமலே, "சார் வாக்கு குடுத்தா அதுலயும் ஒரு மடிப்புக் கோடு இருக்கும்க்கா. பாத்துப் பிரிங்க" என்றார்.

பத்து நாள் என்ற சொல் அக்காவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வீட்டில் சாப்பிடும்போது, "பாஸ் ஆயிட்டா முதல் நாள் எழுந்திரிக்கவே மாட்டேன், எழுப்பாதீங்க" என்று சொல்லிவைத்தாள். "சோத்துக்காவது எழுப்பலாமா?" என்று அம்மா கேட்டாள். "வேணாம்" என்றாள் அக்கா, விளையாட்டாகச் சொல்லவில்லை.

கருவியின் உடம்பு இரண்டே நாளில் வந்துவிட்டது. கஷ்டம் அதன் திரையில் இருந்தது. அந்த மாதிரித் திரையில் எண் தெரியும்போது, அதன் பின்னால் எரியாத கோடுகளும் மங்கலாகத் தெரியும். எல்லாக் கோடும் சேர்ந்தால் எட்டு என்பதால், ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு எட்டு பதுங்கியிருக்கும். அதை வரையாவிட்டால் நிஜம் போல இருக்காது. ஆனால் யார் கையிலாவது சுற்றி அளந்தால்தான் கருவி எண்ணையே காட்டும். அதனால் அக்கா பட்டையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். பட்டை இறுகி, தளர்ந்து, நூற்று ஐம்பத்தெட்டு, கீழே நூற்று இரண்டு என்று காட்டியது.

சாம்பிளோடு வந்த குறிப்புத் தாளில் கம்பெனி கேட்டிருந்தது நூற்று இருபது, எண்பது. கடிகாரம் என்றால் பத்து மணி பத்து நிமிடம், காய்ச்சல் பார்க்கும் கருவி என்றால் காய்ச்சல் இல்லாத எண். அட்டைப் பெட்டிமேல் யாருக்கும் எந்தக் குறையும் இருக்கக் கூடாது, அதுதான் அந்தத் தொழிலின் வழக்கம்.

"சாம்பிள் சரியில்ல போலிருக்கு" என்றாள் அக்கா.

"ஓட்டைச் சாமானத் தள்ளி விட்டிருப்பாங்க. நமக்கு என்னக்கா, படம்தானே" என்றார் கத்தரி.

அவர் கையிலும் ஒரு தடவை சுற்றிப் பார்த்திருக்கலாம். இருவருக்கும் அது தோன்றவே இல்லை. அவர்களுக்கு அது அளக்கும் கருவி இல்லை, வரைய வேண்டிய பொருள். அக்கா திரையைப் போனில் படம் பிடித்து, அதன் மேல் ஒவ்வொரு கோடாக இழுத்தாள். அந்த லேயருக்கு "எண், பிறகு மாத்தணும்" என்று பெயரும் வைத்தாள். அப்புறம் துணிப்பட்டையின் நெசவுக்குப் போய்விட்டாள். நூலுக்கு நூல் நிழல் வேண்டும். ஒன்றரை நாள் அதிலேயே போனது. தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு முடித்தாள்.

மாற்றவே இல்லை.

படத்தை முதலாளி பார்த்தார், எழுத்துப் பிழை தேடினார். கத்தரி பார்த்தார், மடிப்பு எங்கே விழுகிறது என்று தேடினார். கம்பெனியின் விற்பனைக்கார அம்மா பார்த்து, தங்கள் முத்திரை பெரிதாக இருக்கிறதா என்று தேடிவிட்டு, "அப்படியே நிஜமா எடுத்து வச்ச மாதிரி இருக்கு" என்று போனில் சொன்னார். பாஸ். திங்கட்கிழமையிலிருந்து லீவு என்று முதலாளி லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டார். முதல் இருநூறு பெட்டி அச்சாகிப் போனது.

சனிக்கிழமை காலை அந்த விற்பனைக்கார அம்மா ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார்.

"இது யாரோட பிரஷர்ங்க? மருந்துக் கடைக்காரர் கேக்கிறார், இந்த மிஷினப் பாத்தாலே பிரஷர் ஏறுமான்னு. நான் பதில் சொல்ல முடியாம நிக்கிறேன்."

முதலாளி பெட்டியை வாங்கிக் கண்ணருகில் பிடித்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "கம்பெனித் தாள்ல எழுதியிருந்துச்சேம்மா."

"மாத்த மறந்துட்டேன் சார். சாம்பிள்ல காட்டினத அப்படியே வரைஞ்சேன். அது தப்பாக் காட்டுது சார்."

அந்தச் சொல் வந்திருந்த அம்மாவுக்குச் சுருக்கென்று பட்டது. "தப்பாக் காட்டுதா? எங்க, கையக் குடுங்க சார்."

முதலாளிக்கு நூற்று இருபத்தாறு. கத்தரிக்கு நூற்றுப் பதினாறு. "எனக்கு ரத்தம் ஓடுதான்னே எங்க வீட்டுக்காரிக்கு சந்தேகம். இதக் காட்டி நம்ப வைக்கலாம்" என்றார் கத்தரி. "இப்ப நீங்க" என்று அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்து, தானே பட்டையைச் சுற்றினார்.

நூற்று அறுபத்து நான்கு. கீழே நூற்று நான்கு.

அந்த அம்மா இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். பிறகு கோபமெல்லாம் போன குரலில், "தலை வலிக்குமா?" என்று கேட்டார்.

"வலின்னு தனியாத் தெரியாதுங்க. எப்பவும் அப்படித்தான் இருக்கும்" என்றாள் அக்கா.

முதலாளி மேஜையில் கிடந்த லீவுத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். முதல் தடவை பாஸ் ஆகவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். அக்காவே, "திங்கக்கிழமை வந்துடறேன் சார்" என்றாள்.

"கையெழுத்துப் போட்டது போட்டதுதாம்மா. முதல்ல டாக்டரப் பாரு" என்றார் அவர். கத்தரி அன்று அதற்கு ஒரு கிண்டலும் சொல்லவில்லையாம்.

அக்கா கிளம்பவில்லை. உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தாள். பின்னால் பதுங்கியிருந்த எட்டுகள் இருந்ததால் வேலை சுலபமாக இருந்தது. சில கோடுகளை அணைத்து, சிலவற்றை எரியவிட்டாள். ஐந்து இரண்டானது, எட்டு பூஜ்யமானது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. நூற்று இருபது, எண்பது. எனக்குச் சொல்லும்போது, "எவ்ளோ லேசா இறங்கிடுச்சு பாத்தியா" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். காலையும் மாலையும் அளந்து ஒரு நோட்டில் குறிக்கச் சொன்னார். சாம்பிளை அந்த விற்பனைக்கார அம்மா திரும்பக் கேட்கவில்லை, அது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. லீவின் முதல் நாள் அக்கா ஆசைப்பட்டபடி தூங்க முடியவில்லை. ஏழு மணிக்கே அம்மா எழுப்பி உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றினாள். "பேசாம இரு, பேசினா கூடுதலாக் காட்டும்" என்று அம்மாதான் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அளந்து முடித்ததும் அக்கா மறுபடி படுத்துக்கொள்வாள். நாலாவது நாளிலிருந்துதான் அவள் உண்மையாகத் தூங்குகிறாள் என்று எனக்குத் தோன்றியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கை விரல்கள் அசையவில்லை. அதற்கு முன் தூக்கத்தில்கூட அவளுடைய ஆள்காட்டி விரல் எதையோ அழுத்திக்கொண்டே இருக்கும்.

ஒன்பதாவது நாள் மத்தியானம், அவள் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முதலாளி போன் செய்தார்.

"எப்படிம்மா இருக்கே? எவ்ளோ காட்டுது?"

"நூத்தி நாப்பது சார்."

"இறங்கிடுச்சே. ஒரு காத்தாடி வந்திருக்கு, மேஜைக் காத்தாடி. முன்னால கம்பி வலை. உன்னால மட்டும்தான் அந்த வலைய வரைய முடியும். நாளன்னைக்கு வந்துடறியா?"

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதிரிக் கேள்விக்கு அவள் எப்போதும் சரி சார் என்றுதான் சொல்வாள், யோசிக்காமல் வாயில் வந்துவிடும். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னும் ஒரு வாரம் வேணும் சார்" என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் வெட்டும் மிஷின் ஓடுவது கேட்டது.

"ஒரு வாரமா."

"ஆமா சார். காத்தாடி நிக்கட்டும்."

"சரி. ஒரு வாரம்தான். அப்புறம் கண்டிப்பா வந்துடணும்" என்று போனை வைத்துவிட்டார்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் மிச்சச் சோற்றை மூடி வைத்தாள், கை கழுவினாள், ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் அளக்க வேண்டிய நேரம் தாண்டியும் அம்மா எழுப்பவில்லை.