இரண்டாவதாக வந்தவளின் நேரம்

விளையாட்டுப் போட்டியில் ஸ்டொப் வாட்ச் பிடிப்பதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எனக்கு முதலாவது சுமாராக வரும். இரண்டாவது வரவே வராது.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் கணித ஆசிரியர். கணக்குப் படிப்பிக்கிறவனுக்குச் செக்கனும் சரியாகத் தெரியும் என்று ஓர் அதிபர் நினைத்துவிட்டார். அதனால் பதினொரு வருடம் வலய மட்டப் போட்டிகளில் நேரக் கணிப்பாளனாக நின்றேன். சனிக்கிழமைகளில் மைதானத்தில் நனைந்துகொண்டு, ஆறிப்போன பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு, வீட்டில் திட்டும் வாங்குகிற சக ஆசிரியர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்களாவது பாதிக்கு மேல் மன்னிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

மணலில் நின்றவன்

நேரக் கணிப்பாளர்களுக்கு முடிவுக் கோட்டருகே படிப்படியாக ஒரு மரமேடை போட்டுக் கொடுப்பார்கள். எனக்கு மேல் படியில் எப்போதும் றிஸ்வான் சேர்தான். பக்கத்துப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறார். உலகத்தில் இதுவரை நடந்த மிகப் பெரிய விளையாட்டுச் சாதனை எது என்பதில் எங்கள் இருவருக்கும் ஏழெட்டு வருடத் தகராறு. அவருக்குத் தொண்ணூற்றாறாம் ஆண்டு உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் நம்மவர் அடித்த சதம். "அன்னைக்கு விக்கெட்டும் எடுத்தாரு, கெச்சும் புடிச்சாரு, இன்னும் என்ன செய்யணும்? கிரவுண்டையும் கூட்டணுமா?" என்பார். எனக்கோ ரோம் நகரத் தெருக்களில் வெறுங்காலோடு மரதன் ஓடி வென்ற எத்தியோப்பியர். சப்பாத்தில்லாமல் ஓடுகிற பிள்ளைகளை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறவனுக்கு வேறு யாரைப் பிடிக்கும்?

ஒருநாள் இந்தச் சண்டைக்குள் நீளம் பாய்தல் நடுவரையும் இழுத்துவிட்டோம். அவர் நீச்சல் கட்சி. ஒரே ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வாங்கிய அமெரிக்கரை விட்டால் வேறு மனிதனே இல்லை என்று அளவு நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு கத்தினார். பாய்ந்து முடித்த பையன் மணலிலேயே நின்றுகொண்டிருந்தான். யாரும் அளக்க வருவதாகத் தெரியவில்லை. கடைசியில் காற்சட்டையை உதறிக்கொண்டு கேட்டான்: "சேர், நான் இன்னொருக்கா பாயவா, இல்ல நீங்க பேசி முடிக்கிறீங்களா?"

பனிக்குள் போன பிள்ளை

நுவரெலியாப் பக்கத்து மைதானங்களில் பத்து மணிக்கு வெயில் அடிக்கும், பத்தே காலுக்கு எதிரே நிற்கும் கோல் கம்பம் தெரியாது. பனி இறங்கினால் மற்ற நடுவர்கள் பதறுவார்கள். எங்களுக்கோ கொண்டாட்டம். கண்ணுக்கு வேலையில்லை, வாய்க்கு ஓய்வில்லை.

அப்படி ஒரு நாள் எண்ணூறு மீற்றர் ஓட்டம். பிள்ளைகள் தூர வளைவில் பனிக்குள் போனார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள், பளு தூக்குவதும் ஓடுவதும் ஒன்றுக்கொன்று ஒப்பிடக் கூடியவையா என்ற கேள்வியை நான் கிளப்பிவிட்டேன். பனிக்குள்ளிருந்து வந்தவர்களின் வரிசை மாறிப்போயிருந்தது. யாராவது வளைவைக் குறுக்கே வெட்டி ஓடினார்களா என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தகப்பன் மெதுவாக வந்தார். கோபப்படவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. "சேர், எம் மக உள்ள போறப்ப மொதலாவது, வெளிய வர்றப்ப நாலாவது. நடுவுல என்ன நடந்துச்சினு நீங்கதான் சொல்லணும்."

அரைப் பேர்

போட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போதும் விடுவதில்லை. ஹட்டன் பஸ்ஸில் ஒருமுறை றிஸ்வான் சேரோடு நின்றுகொண்டே ஜமைக்கா ஓட்டக்காரரை எடுத்துக்கொண்டேன். முடிவுக் கோட்டை நெருங்குமுன்பே பக்கவாட்டில் பார்த்து, கையை விரித்து, நெஞ்சில் தட்டி, அப்படியும் உலக சாதனை வைத்தாரே, அந்த நூறு மீற்றரைச் சொல்கிறேன். அதை நடித்துக் காட்டப் போய் ஓர் அம்மாவின் தேங்காய்ப் பையில் கையை விட்டுவிட்டேன்.

மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு நிறை குறைந்துவிட்டால் அன்றைய நாளைப் பாதி நாளாகத்தான் பதிவார்கள். அதற்கு அரைப் பேர் என்று பெயர். நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் அரைப் பேர்தான். அந்த அம்மா பையைச் சரிசெய்துகொண்டு, எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஹட்டன்லருந்து பேசிக்கிட்டே வாறீங்க, கூடையில ஒண்ணும் விழலயே சேர். ஒங்க ரெண்டு பேருக்கும் அரைப் பேருதான்."

நான்கு செக்கன்

இதுவரைக்கும் சிரித்திருப்பீர்கள். நானும் இவற்றையெல்லாம் சிரித்துச் சிரித்துத்தான் சொல்லி வந்தேன், போன வருடம் வரைக்கும்.

நிரோஷினி எங்கள் பாடசாலைப் பிள்ளை, பத்தாம் வகுப்பு. தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து தினமும் ஓடியே பாடசாலைக்கு வருவாள். வலயப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓடினாள். முதலாவதாக வருகிறவர் நேராக மாகாணப் போட்டிக்குப் போகலாம். எல்லா வலயங்களிலும் இரண்டாவதாக வந்தவர்களில் நேரம் நன்றாக இருக்கிற சிலரை மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். மாகாணச் சான்றிதழ் இருந்தால் ஹட்டனில் ஒரு பெரிய பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இடம் கேட்கலாம் என்று சரஸ்வதி டீச்சர் அவளிடம் சொல்லி வைத்திருந்தார். அவர்தான் எங்கள் உடற்கல்வி ஆசிரியை.

முதலாமவரின் நேரம் றிஸ்வான் சேருக்கு, இரண்டாமவரின் நேரம் எனக்கு. எதிர்ப் பக்கத்தில் ஓட்டத்தைத் தொடக்கும் துவக்கு வெடித்துப் புகை தெரிந்ததும் வாட்சை அமுக்க வேண்டும். அந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? திரும்பி நின்று, வெறுங்கால் மரதனுக்கு முன்னால் உங்கள் சதம் ஒரு சதமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். றிஸ்வான் சேரின் விரல் பழக்கத்தில் அமுக்கிவிட்டது. என் விரல் அமுக்கவில்லை. அமுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. கடைசியில் நிரோஷினி இரண்டாவதாகக் கோட்டைக் கடந்தபோது அமுக்கினேன். பார்த்தால் வாட்ச் அப்போதுதான் ஓடத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று.

நேரம் எடுக்கவில்லை என்று கையைத் தூக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. றிஸ்வான் சேரின் வாட்சில் ஐந்து நிமிடம் ஆறு செக்கன். நான் என் வாட்சையே வெறித்துக்கொண்டிருந்ததால் அவள் எவ்வளவு பின்னால் வந்தாள் என்பதைக்கூடப் பார்க்கவில்லை. நல்ல நேரமாகப் போட்டால், சொந்தப் பாடசாலைப் பிள்ளைக்கு உதவிவிட்டான் என்பார்கள் என்று பயம். ஐந்து நிமிடம் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்து எட்டுக்குக் கீழே ஓடியவர்களைத்தான் எடுத்தார்கள் என்று அடுத்த கிழமை தெரிந்தது.

அவள் என்னிடம் வந்து, முதலாவது வந்த அக்காவின் முதுகைத் தொடுகிற தூரத்தில்தான் வந்தேன், நாலு செக்கன் எப்படி சேர் என்று கேட்டாள். வாட்ச் பொய் சொல்லாது என்று சொன்னேன். ஆமாம், அதையும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். "அப்ப எனக்குத்தான் கிட்ட வந்த மாதிரி தெரிஞ்சிருக்கு சேர்."

மேசை மேல்

அதற்குப் பிறகு அவள் ஓட வரவில்லை. வலைப்பந்துக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டதற்குத் தனக்கு வேகம் இல்லை என்று சொன்னாளாம். சரஸ்வதி டீச்சர் இதை ஆசிரியர் அறையில் எல்லாரிடமும் போலத்தான் என்னிடமும் சொன்னார். எனக்குச் சோற்றுப் பார்சலைப் பிரிக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாகாணப் போட்டி அதற்கு முந்திய கிழமையே முடிந்திருந்தது. நான் அவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருந்தது தற்செயலாக நடந்ததில்லை; உண்மையைச் சொன்னாலும் பயனில்லை என்று ஆகும்வரை எனக்கே தெரியாமல் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது. அவர் திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். வலயக் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் எழுதி, என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். "வாட்ச மேசை மேல வச்சிட்டுப் போங்க சேர்."

காம்பராவில்

பிள்ளையிடம் நானே சொல்ல வேண்டும் என்று அன்று பின்னேரம், ஓரறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கிற அவர்கள் லயத்துக்கு ஏறிப் போனேன். அம்மா மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "வாங்க சேர், உக்காருங்க சேர்" என்று இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. மகள் ஏதோ பரிசு வாங்கியிருக்கிறாள் என்று நினைத்திருப்பார் போல, பக்கத்துக் காம்பராக்காரியையும் கூப்பிட்டார். அந்தத் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்லி முடித்தேன். துவக்குப் புகை, அமுக்காத விரல், நான்கு செக்கன், எல்லாம்.

அம்மா என்னைப் பார்க்காமல், கூடைக் கயிற்றைக் கழற்றிச் சுற்றத் தொடங்கினார். நிரோஷினிதான் கதவடியிலிருந்து முன்னுக்கு வந்தாள்.

"அப்ப நான் அவ்ளோ பிந்தலயா சேர்?"

"இல்லம்மா. தப்பு என்னோடது."

அவள் முகத்தில் கோபம் தேடினேன். அந்தப் பிள்ளை சிரித்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்து, நான் சொன்னேன்ல என்பது போலச் சிரித்தது. பிறகு ஆசையோடு கேட்டது: "அப்ப என்னோட சரியான நேரம் எவ்ளோ சேர்?"

உலக சாதனைகளை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் செக்கன் பிசகாமல் சொல்லுவேன், என் கையில் வாட்ச் இருந்த அந்த ஓர் ஓட்டத்தை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.