சனிக்கிழமை பாய்லர்

பிச்சுமணி வீட்டு பேஸ்மென்டில் பாய்லர் வேலை பாதியில் நின்றிருந்தது. பாய்லர் என்றதும் குளிக்க வெந்நீர் போடும் சமாசாரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நியூ ஜெர்சியில் அது வீட்டுக்கே அடுப்பு. கீழே தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் அனுப்பி, சுவரோரம் படுத்திருக்கும் தகட்டுப் பெட்டிகளைக் காயவைத்து, பனிக்காலத்தில் மனிதனை உயிரோடு வைத்திருக்கும் யந்திரம். 1986 நவம்பர் பிறந்தும் எடிசனில் அவர் வீட்டில் அது ஓடவில்லை. பிச்சுமணியும் அதற்காக அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

பிச்சுமணிக்கு ஐம்பத்து நாலு வயது. மருந்துக் கம்பெனி ஒன்றில் கெமிஸ்ட். மனைவி காமாக்ஷியும் மகள் அபயாம்பாளும் போன வருஷமே மெட்ராஸுக்குப் போய்விட்டார்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. பெண்ணுக்குப் பதின்மூன்று வயது முடிந்ததும் ஸ்கூல் டான்ஸுக்குப் போகட்டுமா என்று கேட்டாள். அவ்வளவுதான், காமாக்ஷி மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"இங்க வெச்சு இவளை வளர்க்க என்னால ஆகாதுன்னா. நீங்க பென்ஷனுக்கு வேண்டிய வருஷத்தை முடிச்சுண்டு வந்து சேருங்கோ" என்றாள்.

அந்தக் காலத்தில் இப்படிப் பெண்ணை அழைத்துக்கொண்டு ஊரோடு போன அம்மாக்கள் எடிசன் வட்டாரத்தில் நாலைந்து பேர் உண்டு. ஊரில் அவர்களை மெச்சிக்கொண்டார்கள். இங்கே மூன்று படுக்கையறை வீட்டில் தனியாக நின்ற ஆம்பிளைகள் என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பிச்சுமணி என்ன செய்தார் என்றால், ஒரே பாத்திரத்தில் தயிர் சாதம் பிசைந்து அதே பாத்திரத்தில் சாப்பிட்டு அதையே கழுவி வைத்தார். வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆபீஸிலிருந்து கிளம்பினால், திங்கட்கிழமை காலை வரை வாயைத் திறந்து பேச அவருக்கு ஆள் கிடையாது.

பாய்லர் வந்துதான் அவரைக் காப்பாற்றியது. அதாவது, பழைய பாய்லர் வெடித்ததுதான். அதன் இரும்பில் வசந்த காலத்தில் விரிசல் விட்டு, பேஸ்மென்ட் முழுக்க தண்ணீர்.

இந்த மாதிரி வேலைக்கு ஆள் கூப்பிடுவது நம்மவர்கள் வழக்கம் இல்லை. இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரு குழாய் மாட்ட பிளம்பரைக் கூப்பிட்டால் கௌரவம் என்னாவது? அதனால் பிச்சுமணியும், அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்களான பத்மநாபனும் ஜம்புநாதனும் தங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருத்தர் வீட்டு வேலைக்கு மற்ற இரண்டு பேரும் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போய் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் சாப்பாடு போட வேண்டும். ஜம்புநாதன் வீட்டுக் கொல்லையில் உட்கார மரத்தில் ஒரு மேடை, டெக், போட்டாகிவிட்டது. அது கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, ஆனால் நிற்கிறது. பத்மநாபன் வீட்டு கராஜ் கூரை முடிந்துவிட்டது. இரண்டு இடத்திலும் பிச்சுமணி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது அவர் முறை. கடைசி முறையும் அதுதான். அதற்கப்புறம் யார் வீட்டிலும் வேலை பாக்கி இல்லை.

பழையதைக் கழற்றி வெளியே தள்ளவே கோடை போய்விட்டது. செப்டம்பரில் புதுசை இறக்கினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பிச்சுமணி விடியும் முன்பே எழுந்து சமையலடுப்பின் நாலு பர்னரையும் ஏற்றிவிடுவார். சின்ன வெங்காய சாம்பார், உருளைக்கிழங்கு ரோஸ்ட், எலுமிச்சை ரசம். காமாக்ஷி இருந்தபோது காபி கூடப் போட்டறியாத மனுஷன். பத்து மணிக்கு இருவரும் வருவார்கள். சில நாள் பத்மநாபனின் இரண்டு பெண் குழந்தைகளும் கூட வந்து மேலே டிவி பார்க்கும். "மாமா, இட்ஸ் ஃப்ரீஸிங்!" என்று அவை கத்தினால், அபயாம்பாள் விட்டுப்போன ஸ்வெட்டர்களை எடுத்துக் கொடுப்பார்.

கீழே நடந்ததை வேலை என்று சொல்வது மரியாதைக்குத்தான். பத்மநாபன் மெக்கானிக்கல். ஜம்புநாதன் படித்தது சிவில், பார்ப்பது கம்ப்யூட்டர். இருவரும் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாதாடுவார்கள். காஸ் இணைப்பைப் பத்மநாபனே கொடுத்து, பாய்லரைப் பற்றவைத்தும் பார்த்தார்கள். அது கொஞ்ச நேரம் உறுமி, தன் வயிற்றை மட்டும் சூடாக்கிக்கொண்டு அணைந்துபோகும். அறைகளுக்குச் சூடு போகவே போகாது.

"ஏர் லாக்தான் மாமா, குழாய்க்குள்ள காத்து அடைச்சுண்டிருக்கு. அடுத்த வாரம் அதை பிளீட் பண்ணி வெளியேத்திப் பாத்துடலாம்" என்பார் பத்மநாபன்.

"பசிக்கறது. சாப்ட்டுட்டு யோசிக்கலாமே" என்பார் ஜம்புநாதன்.

சாப்பிட்டுவிட்டு யோசிக்க உட்கார்ந்தால் கிரீன் கார்டு, ஆபீஸ், தேர்தல் என்று பேச்சு போகும். சாயந்தரம் ஆகிவிடும். பிச்சுமணிக்கு அந்த ஒரு நாள் போதும், மற்ற ஆறு நாளைத் தள்ளிவிடுவார்.

அக்டோபரில் ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்ததும், பொழுது போகாமல், கையில் டார்ச்சோடு பேஸ்மென்டுக்குப் போனார். தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பின் மேல் ஓர் அம்புக்குறி வார்த்திருந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டும் குறி. அது நேர் எதிர்ப் பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. பம்பைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள், அதனால்தான் அறைகளுக்குச் சூடு போகவில்லை. ஏர் லாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை.

சந்தோஷத்தில் ஸ்பானரை எடுத்துவிட்டார். நாலு நட்டைக் கழற்றி, திருப்பி மாட்டினால் தீர்ந்தது. முதல் நட்டில் ஸ்பானரை வைத்தபோதுதான், அப்புறம் சனிக்கிழமை அவர்கள் எதற்கு வருவார்கள் என்று தோன்றியது. ஸ்பானரைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு மேலே வந்தார். தான் செய்தது அசட்டுத்தனம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் குளிரைத் தாங்கிவிடலாம் என்றும், ஆளில்லாத சனிக்கிழமையைத் தாங்க முடியாது என்றும் தெரிந்திருந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் பத்மநாபனின் மனைவி பர்வதம், பிச்சுமணி சாம்பார் ஊற்றிக் கொடுத்துவிட்ட எவர்சில்வர் தூக்கைத் திருப்பித் தர வந்தாள். பிச்சுமணி சமையலறையில் ஓவர்கோட்டும் மங்கி கேப்புமாக, ஓவன் கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பர்வதம் தூக்கை மேஜையில் வைத்தாள். பிறகு அங்கேயே போனை எடுத்துப் புருஷனுக்குச் சுழற்றினாள்.

"மூணு மாசமா ரெண்டு பேரும் இங்க வந்து சாப்ட்டுட்டு சாப்ட்டுட்டுப் போறேளே, வெக்கமா இல்லே? மனுஷன் விறைச்சுண்டு உக்காந்திருக்கார். நாளைக்கே லைசென்ஸ் இருக்கற பிளம்பருக்குச் சொல்லுங்கோ."

"பர்வதம், அதெல்லாம் வேண்டாம்மா. எனக்கொண்ணும் குளிரலை" என்று பிச்சுமணி தடுத்துப் பார்த்தார்.

"நீங்க சும்மா இருங்கோ மாமா. மாமி எனக்குன்னா லெட்டர் போட்டுக் கேப்பா, அவரை இப்படியா பாத்துண்டேள்னு."

அவ்வளவு வாஞ்சையை எதிர்த்து என்ன சொல்ல முடியும்?

புதன்கிழமை வின்ஸ் வந்தார். வேனில் பெயர் எழுதி, லைசென்ஸ் நம்பர் போட்ட அசல் பிளம்பர். முதல் காரியமாகக் காஸை மூடினார். பிறகு டார்ச்சை அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், பாய்லரிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் குழாயின் இணைப்பில் விரலை விட்டுக் காட்டினார். விரல் உள்ளே போனது.

இதைத் தொடர்ந்து ஓடவிட்டிருந்தால் புகை வீட்டுக்குள்தான் நின்றிருக்கும், மேலே இருப்பவர்கள் தூங்கிப்போய் எழுந்திருக்கவே மாட்டார்கள் என்றார். நல்லவேளை, உங்கள் பாய்லர் ஓடவில்லை என்றும் சொன்னார்.

பிச்சுமணி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மேலே அந்த இரண்டு குழந்தைகளும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கார்ட்டூன் பார்த்துச் சிரித்ததுதான் கண்ணில் நின்றது. அன்றைக்கு அவர் பம்பைத் திருப்பியிருந்தால் பாய்லர் ஓடியிருக்கும். திருப்பாமல் விட்டதால் சனிக்கிழமைகள் நீண்டு, கீழே அதைப் பற்றவைத்துப் பார்த்தபோதெல்லாம் குழந்தைகள் அதற்கு மேலே உட்கார்ந்திருந்தார்கள். எப்படிக் கணக்குப் போட்டாலும் அவருக்கு விடை சரியாக வரவில்லை.

"பம்பு திரும்பியிருக்கிறதே, இந்த அம்புக்குறியை யாருமே பார்க்கவில்லையா?" என்று வின்ஸ் கேட்டார்.

"நான் பார்த்தேன். அக்டோபரில்."

வின்ஸ் திரும்பிப் பார்த்தார். "பிறகு ஏன் மாற்றவில்லை?"

யாரிடமும் சொல்லாததை, வேலை முடிந்ததும் போய்விடப்போகிற மனிதரிடம் பிச்சுமணி சொன்னார்: "ஐ ஹேவ் ஃப்ரெண்ட்ஸ் கமிங் ஆன் சாட்டர்டேஸ்."

வின்ஸுக்குப் புரிந்ததோ இல்லையோ. "ஓகே" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

இரண்டு நாளில் முடித்துவிட்டார். நண்பர்கள் மாட்டிய குழாயில் பாதியைக் கழற்றி எறிந்தார். காஸ் லைனையும் புகைக்குழாயையும் புதிதாகப் போட்டார். நடுவில் பிச்சுமணி, ரசம் சாதம் இருக்கிறது, சாப்பிடலாமே என்று கேட்டுப் பார்த்தார். சாண்ட்விச் வேனில் இருக்கிறது, தாங்க்ஸ் என்றார் வின்ஸ். டவுன்ஷிப் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று ஸ்டிக்கர் ஒட்டினார். வெள்ளிக்கிழமை ராத்திரி பிச்சுமணி அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாகப் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கினார்.

சனிக்கிழமை விடியும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து போய் நாலு பர்னரையும் ஏற்றினார். யாரும் வருவதாகச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வெங்காயத்தை உரித்தார். சாம்பார் கொதித்தது, பத்து மணி ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று. கடைசியில் போனை எடுத்தார்.

"பத்து, பாய்லர்ல என்னமோ ஒரு சத்தம் வரது. நீயும் ஜம்புவும் ஒரு எட்டு வந்து பாக்கறேளா?"

வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"ஐயையோ, நாங்க இனிமே தொடப்படாது மாமா. தொட்டா வாரன்டி போயிடும். அந்த வின்ஸையே கூப்பிடுங்கோ. ஒரு வருஷம் அவன்தான் வந்து பாக்கணும்" என்றார் பத்மநாபன். பின்னால் ஜம்புநாதன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஜம்பு அங்கயா இருக்கான்?"

"ஆமா, சும்மா வந்தான்."

பிச்சுமணி போன் கயிற்றை விரலில் சுற்றினார். சும்மா வருவது என்று ஒன்று உண்டு என்பது அவருக்கு ஞாபகமே இல்லை.

"அப்ப நீங்களும் இங்க சும்மா வாங்கோளேன், சாப்ட. சாம்பார் வெச்சிருக்கேன்."

"எதுக்கு மாமா உங்களுக்குச் சிரமம்? மூணு மாசமா எங்களுக்கு வடிச்சுக் கொட்டி ஓஞ்சு போயிருப்பேள். பர்வதம் கண்டிப்பாச் சொல்லிட்டா, மாமாவை இனிமே தொந்தரவே பண்ணப்படாதுன்னு. நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்கோ."

"தொந்தரவெல்லாம் இல்லடா."

"நீங்க அப்படித்தான் சொல்லுவேள் மாமா. உங்க குணம் எங்களுக்குத் தெரியாதா? வீடு நன்னா சூடா இருக்கோன்னோ?"

"இருக்கு. நன்னா இருக்கு."

போனை வைத்துவிட்டு ஒரு தட்டு மட்டும் எடுத்து வைத்துச் சாப்பிட்டார். மிச்சத்தைச் சின்னச் சின்ன டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீஸரில் அடுக்கினார். மூன்று பேருக்கு வைத்த சாம்பார் அவருக்கு அடுத்த சனிக்கிழமை வரை வந்தது.