"மேலதான் இருக்கான்" என்று சொன்ன ஜலீல் பாய்

ஜலீல் பாயின் எண்ணிலிருந்து போன் வந்தபோது என் கணவர் சுரேஷ் வீட்டில்தான் இருந்தார். மகளை மடியில் வைத்துக்கொண்டு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். சுரேஷ் கடலில் இருக்கும்போது மட்டுமே அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும். அதனால் எனக்குப் பயம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. எடுத்தால் பாயின் குரலேதான். ஆனால் பேசியது அவர் மகன்.

"அக்கா, அப்பா மவுத்தாயிட்டாரு. நெஞ்சு வலின்னு உக்காந்தாரு, அவ்ளோதான். அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

எண்ணெய் எடுத்து முடிந்து கடலில் சும்மா நிற்கும் பழைய இரும்பு மேடைகளைத் தண்ணீருக்கடியில் அறுத்துக் கரைக்குக் கொண்டுவரும் வேலையில் பாய் சூப்பர்வைசராக இருந்தார். வாணியம்பாடி டேனரி ஒன்றில் வெல்டராகத் தொடங்கியவர். பிறகு கடலுக்குப் போனார். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் வெல்டிங் தெரிந்த பையன்களைச் சேர்த்து, டைவிங் படிக்க வைத்து, மும்பைக் கடலுக்கு அழைத்துப் போனவர் அவர்தான். அப்படிப் போனவர்களில் என் கணவரும் ஒருவர். ஷிப்ட் முடிந்ததும் கப்பலிலிருந்து ஒவ்வொருவர் வீட்டுக்கும் பாயே போன் செய்வார். இதைப் படிக்கும் எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்திருப்பீர்கள்.

கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். நான் இயற்பியல் படித்தவள், கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. தண்ணீருக்குள் தீ எப்படி எரியும் என்று கேட்டேன். அவருக்கு ஒரே குஷி. பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஒரு டம்ளரைக் கவிழ்த்து உள்ளே அமுக்கினார்.

"பாரும்மா, உள்ள தண்ணி புகல. காத்து மாட்டிக்கிச்சு. அறுக்கற கம்பில இருந்து ஆக்சிஜன் வரும், இன்னொரு கேஸும் வரும். அது மூடின குழாய்க்குள்ள இப்படித்தான் உச்சில போய் நிக்கும். ஒரு பொறி போதும். அதனால முதல்ல காத்துக்கு வழி விடணும். ஓட்டைய உச்சில போடணும். கொஞ்சம் கீழ போட்டாலும் அதுக்கு மேல நிக்கற காத்து எங்கயும் போவாது."

"அப்ப இவரும் இதைத்தான் செய்யறாரா பாய்?"

"சே, அதெல்லாம் எங்க காலத்து பேஜார். இப்ப வைரம் பதிச்ச கயிறு வந்திருக்கு. மெஷின் மாட்டிட்டா அதுவே அறுத்துடும். உன் வீட்டுக்காரன் கப்பல்ல, தண்ணிக்கு மேல உக்காந்து டி.வி. பாக்கறான். சம்பளம் ஜாஸ்தி, வேலை கம்மி."

எல்லோரும் சிரித்தோம். சுரேஷ் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது. மனதில் எதையும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று வேலூரில் டாக்டரம்மா சொன்னார். நான் பாயிடம் நேராகவே கேட்டேன். "எனக்காக எதையும் மறைக்காதீங்க பாய். தெரியாம இருந்தாதான் எனக்கு ஏறும்." அதற்கு அவர், "நீ என் பொண்ணு மாதிரி. உன்கிட்ட நான் எதுக்கு மறைக்கணும்?" என்றார். அந்த வார்த்தையை வைத்துத்தான் நான் தூங்கினேன். ஒருநாள் சுரேஷ் வெகுநேரம் போனை எடுக்கவில்லை. பிறகு பாய் கூப்பிட்டார். "மேலதான் இருக்கான்மா. பரோட்டா கையோட இருக்கான், அதான் போன் எடுக்கல. நீ சாப்ட்டியா?" சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன்.

வாணியம்பாடியில் அடக்கத்துக்குப் போயிருந்தபோது பெண்கள் இருந்த அறையில் பாயின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்க எல்லாம் போன் வந்துச்சா, போன் வந்துச்சான்னு சொல்றீங்க. எனக்கு அவரு கடல்ல இருந்து ஒரு தடவ கூட பண்ணதில்லம்மா," என்றார். ஏன் என்று கேட்டேன். "என்கிட்ட அவருக்குப் பொய் வராது."

துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். வெளியே வந்தால், கூட வேலை செய்யும் மோகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அண்ணி, அன்னிக்கு குழாய் வெடிச்சப்போ பாய் மட்டும் மைக்குல இல்லன்னா அண்ணன் நமக்கு இல்ல. நான் இறங்கித் தூக்கினேன்னு சொல்றாங்க. தூக்கினது பாயோட குரல்தான்."

எந்தக் குழாய் என்று நான் கேட்டதும் மோகன் சுரேஷைப் பார்த்தார். சுரேஷ் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் ஹைவே டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டேன். சொன்னார். வைரக் கயிறு பாதி அறுத்ததும் மேலேயிருக்கும் பாரம் இறங்கி, வெட்டு வாய் மூடிக் கயிறு சிக்கிவிடுமாம். அப்போது ஆள்தான் இறங்கிக் கம்பியால் எரித்து விடுவிக்க வேண்டும். அடிக்கடி நடப்பதுதானாம். அன்று ஓட்டையை வேறொருவர் போட்டிருந்தார். பாய் கப்பலில் கேமராத் திரையில் பார்த்து, "சரியா இருக்கு, அறு" என்றார். ஓட்டை உச்சியில் இல்லை, சற்றுக் கீழே இருந்தது. பக்கெட்டையும் டம்ளரையும் வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே தவறு.

அந்த வெடியில்தான் சுரேஷின் இடது காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது. என்னிடம் காதில் தண்ணீர் போய்விட்டது என்றார்கள். குழந்தை அழுதால் இந்த மனுஷர் அசைவதே இல்லை என்று நான் எத்தனை முறை கத்தியிருக்கிறேன்! அவர் வாயைத் திறக்கவில்லை. பரோட்டா கதை வந்தது அன்றைக்குத்தான். காதில் ரத்தத்தோடு, ஆழத்திலிருந்து ஏறியவர்களை வைக்கும் அழுத்த அறைக்குள் இவர் படுத்திருந்தபோது வந்த கதை.

"எனக்கும்தான் பொய் சொன்னாரு," என்றார் சுரேஷ். "ஹெல்மெட் கண்ணாடில கீறல். ‘அது அழுக்குடா, மெதுவா மூச்சு விடு'ன்னாரு. நம்பினேன். பதறியிருந்தா ஏறியிருக்க மாட்டேன்."

"நீங்க தண்ணிக்குள்ள இருந்தீங்க. நான் தரையிலதான இருந்தேன். எனக்கு எதுக்கு?"

டீ ஆறிப்போனது. அவர் காசு கொடுக்க எழுந்து போனார். பாயிடம் கேட்க பாய் இல்லை.

அதற்குப் பிறகு பாய் அவரைத் தண்ணீருக்குள் விடவில்லையாம், திரை முன்னால் உட்கார வைத்துவிட்டாராம். என்னிடம் சொன்ன பொய்யை அவர் பிறகு உண்மையாக்கியிருக்கிறார். குழந்தையைப் பார்க்க வந்தபோது, "இவ அப்பன் மேலதான் இருப்பான், நான் பொறுப்பு" என்று சொன்னதை ஆசீர்வாதம் என்று நினைத்திருந்தேன். என் கணவரின் உயிரைத் திருப்பிக் கொடுத்தவர் அவர். அதை மறக்கவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் நடந்தது என்ன என்பதை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் கொடுக்காமல் போய்விட்டார். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அவருக்காக அழுதேன்.

இப்போது பாயின் இடத்தில் சுரேஷை உட்கார வைத்திருக்கிறார்கள். ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவர் என்னைக் கேட்டபோது எனக்கு ஒரே பயம்தான் இருந்தது. இனி இவர் கடலோடு போய்விடுவாரோ என்றல்ல. அந்தக் குரல் இவருக்கும் வந்துவிடுமோ என்று. கிளம்பும் அன்று, "பசங்க வீட்டுக்கு நான் இன்னா சொல்லட்டும்?" என்றார். "இருக்கறத சொல்லுங்க," என்றேன்.

சொல்லியிருக்கிறார். போன வாரம் பேரணாம்பட்டிலிருந்து, சுரேஷோடு வேலை செய்யும் டைவர் ஒருவரின் மனைவி பவித்ரா கூப்பிட்டாள். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகிறது. "அக்கா, அண்ணன் போன் பண்ணாரு. கயிறு சிக்கிக்கிச்சாம், இவரு உள்ள இறங்கியிருக்காராம். ஏறினதும் அவரே பேசுவாராம். ஏன்க்கா இப்படி சொல்றாங்க? ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

சொல்லிவிடத்தான் தோன்றியது. ‘ஒண்ணும் ஆகாதும்மா, நீ சாப்ட்டியா' என்ற வாக்கியம் முழுதாக என் வாய்க்கு வந்துவிட்டது, பாயின் இழுவையோடு. எவ்வளவு சுலபமாக வந்தது என்பதில்தான் எனக்கு அவர் கொஞ்சம் புரிந்தார். புரிந்ததால் மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

"எனக்கும் தெரியாது பவி," என்றேன். "அண்ணன் எனக்கும் பண்ணாரு, ஓட்டை உச்சில போட்டாங்களான்னு கேட்டேன். ரெண்டு தடவ பாத்தேன்னு சொன்னாரு. அவ்ளோதான் தெரியும். நீ போனை வெக்காத. அவரு கூப்பிடற வரைக்கும் நானும் இருக்கேன்."

அவள் அழுதாள். என் மகள் போனைப் பிடுங்கி அவளிடம் ஏதேதோ பேசினாள். நடுவில் பவி வீட்டில் குக்கர் விசில் அடித்தது. போனோடயே போய் அடுப்பை அணைக்கச் சொன்னேன். பிறகு, "அக்கா, அவர் லைன்ல வர்றாரு!" என்று கத்தினாள், என்னோடு இருந்த இணைப்பு துண்டாகிவிட்டது.

ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்ய வேண்டும் என்பதை பாயிடமிருந்து வைத்துக்கொள்கிறேன். ஓட்டை எங்கே என்று கேட்பதையும். "மேலதான் இருக்கான்" என்பதை அவரோடு அனுப்பிவிட்டேன்.