சுகுணா நீக்கிய வரி

ஹரீஷ்குமாரைப் பற்றி விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். பாரூரில் பிறந்தவர், கால்பந்தில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரர், பெங்களூரு கிளப் ஒன்றுக்காக ஆடுகிறார், இத்தனை ஆட்டம், இத்தனை கோல் என்று எல்லாம் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருக்கும். புகழ்ச்சியும் கிடையாது, வசவும் கிடையாது. அந்தச் சுத்தம் சுகுணாவின் கைவேலை. ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை ஒன்றும் வராது. நடுநிலை என்பது சுகுணாவின் பிடிவாதம். எனக்கு அந்த வியாதி இல்லை. நான் எழுத உட்கார்ந்தது சுகுணாவைப் பற்றி.

நான் ராஜலட்சுமி. ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஓசூருக்கு வேலைக்கு வந்து, மூக்கண்டப்பள்ளியில் ஒரு அறை எடுத்து, அதைப் பங்கு போட ஆள் தேடியபோது கிடைத்தவள் அவள். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே மேஜை. வண்டிக்குப் போகும் சின்னச் சின்ன உதிரிப் பாகங்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். எனக்குச் சந்தேகமாக இருந்தால் போகட்டும் என்று நல்லதோடு சேர்த்துவிடுவேன். சுகுணா அப்படி விடமாட்டாள். இந்தப் புத்தியோடுதான் அவள் விக்கிப்பீடியாவுக்கும் போனாள்.

அவள் அப்பா முனிவேல் பாரூர் ஏரிக்கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைக்கிறவர். அண்ணன் மாதேஷ் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனியில் இருக்கிறான். முனிவேலின் தங்கை நாகம்மாளை உள்ளூரிலேயே கொடுத்திருந்தார்கள். அந்த நாகம்மாளின் மகன்தான் ஹரீஷ்குமார். ஆக, சுகுணாவுக்கு முறைப்பையன். அவள் பெரியவளான சடங்கில் நாகம்மாள் கையாலேயே சேலை போர்த்தி, "இது எம் மருமவ. வேற எவனும் கண்ணு வெக்காதீங்க" என்று பந்தியில் இருந்தவர்கள் காதில் விழும்படி சொன்னாளாம். நிச்சயம் என்று தாம்பூலம் மாற்றவில்லை. மாதேஷ் ஒருமுறை அதைக் கேட்டதற்கு முனிவேல் சிரித்தாராம். "மொறை இருக்கறப்ப நிச்சயம் என்னாத்துக்குடா? வெளியாளுக்குத்தான் அதெல்லாம்."

கோடையில் ஏரி வற்றினால் கிடைக்கும் தரையில் பந்து உதைத்துக் கிடந்த பையனை, யாரோ பார்த்துப் பெங்களூருக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே வளர்ந்து கிளப்பில் சேர்ந்தார். பேப்பரில் பெயர் வரத் தொடங்கியதும் விக்கிப்பீடியாவில் யாரோ ஒரு பக்கம் தொடங்கி, பிறந்த ஊர் பெங்களூரு என்று எழுதிவிட்டார்கள். சுகுணாவுக்குப் பொறுக்கவில்லை. போனிலேயே கணக்குத் தொடங்கி, அவரே பேட்டியில் பாரூர் என்று சொன்ன செய்தியைத் தேடிப் பிடித்து ஆதாரமாக, அங்கே சொல்வதுபோல் மேற்கோளாக, கொடுத்துத் திருத்தினாள். அன்றைக்கு எனக்குப் பிரியாணி வாங்கித் தந்தாள்.

அதற்குப் பிறகு கம்பெனி பஸ்ஸில் ஏறினால் போனும் கையுமாகத்தான் இருப்பாள். அந்தப் பக்கத்தில் யாராவது கை வைத்தால் உடனே அவளுக்குத் தகவல் வரும். ஜெயித்த அன்று ரசிகர்கள் வந்து 'இந்தியாவின் தலைசிறந்த வீரர்' என்று எழுதுவார்கள். தோற்ற அன்று அதே கூட்டம் வந்து வாய்க்கு வந்ததை எழுதும். இரண்டையும் அழிப்பாள். திட்டுவதை அழி, சரி, பாராட்டினால் உனக்கு என்னட்டி நஷ்டம் என்று கேட்டேன். "யாருக்கா சொன்னா தலைசிறந்தவருன்னு? எங்க வந்துருக்கு? நாளைக்கு ஒருத்தன் வந்து சிரிப்பான்" என்றாள். அவர் பெயரைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது. அவ்வளவுதான் அவள் நடுநிலை.

ஒருநாள் திருச்சிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், விக்கிப்பீடியாவில் நெடுநாளாக எழுதுகிறவர், அந்தக் கட்டுரைக்கான உரையாடல் பக்கத்தில் மரியாதையாகக் கேட்டிருந்தார்: "இவருக்கும் தங்களுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?" சொந்தக்காரர்கள் தாங்களாகவே எதையும் சேர்க்கக் கூடாது, உரையாடல் பக்கத்தில் சொன்னால் மற்றவர்கள் பார்த்துச் சேர்ப்பார்கள், ஆதாரமில்லாததை வேண்டுமானால் நீக்கலாம் என்பது அங்கே வழக்கமாம். சுகுணா ஒளிக்கவில்லை. "நான் ஹரீஷ்குமாரின் தாய்மாமன் மகள்" என்று எழுதினாள்.

"அம்புட்டுத்தானா? மீதியையும் போடு" என்று சீண்டினேன்.

"மீதி நடக்கட்டும்க்கா. பேப்பர்ல வரும், அப்ப போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது.

அதற்கு அடுத்த பருவத்தில் ஹரீஷ்குமார் ஒரு ஆட்டத்தில் எதிராளியை உதைத்துச் சிவப்பு அட்டை வாங்கினார். சில ஆட்டங்களுக்குத் தடை. எல்லாப் பேப்பரிலும் வந்தது, யாரோ பக்கத்திலும் சேர்த்தார்கள். அவர் சுகுணாவைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அந்த ரெட் கார்டு மேட்டர எடுத்துடு சுகுணா. வேற கிளப்புக்காரங்க பாக்கறாங்க."

"பேப்பர்ல வந்துடுச்சு மாமா. நா எடுத்தா தப்பு. எடுத்தாலும் அவங்க திரும்பப் போட்டுடுவாங்க."

"உனுக்கு நா முக்கியமா, அந்தப் பக்கம் முக்கியமா?"

"ரெண்டும் ஒன்னுதான மாமா" என்றாள் இவள். விளையாட்டுக்குச் சொன்னதல்ல. அவளுக்கு நிஜமாகவே அப்படித்தான். மறுமுனையில் அவர் போனை வைத்துவிட்டார்.

அதன்பின் அவர் கூப்பிடுவது குறைந்து, பண்டிகைக்கு ஒரு படம் அனுப்புவதோடு நின்றது. ஆட்டம், பயிற்சி, அலைச்சல் என்று இவளாகக் காரணம் சொல்லிக்கொண்டாள். நாகம்மாள் அத்தையும் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்திருந்தாள். பாரூரில் யாருக்கும் அது உறைக்கவில்லை. முறை எங்கே ஓடிவிடும்?

பிறகு ஒரு காலை, ஷிஃப்டுக்குப் போகும் பஸ்ஸில், சுகுணா சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள். பெயர் சொல்லாத யாரோ 'சொந்த வாழ்க்கை' என்று புதிதாகத் தலைப்புப் போட்டு, ஹரீஷ்குமாருக்கும் கிளப்பில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் பெண்ணுக்கும் நிச்சயம் முடிந்தது என்று எழுதியிருந்தார்கள். "வேல வெட்டி இல்லாதவங்கக்கா. ஒரு மேற்கோளும் இல்ல" என்று சொல்லி, பஸ் சிப்காட் திரும்புவதற்குள் அதை நீக்கிவிட்டாள். அன்று முழுவதும் மேஜையில் என்னிடம் வம்பு பேசிக்கொண்டு உற்சாகமாகத்தான் இருந்தாள்.

மறுநாள் அதே வரி திரும்ப வந்தது. இந்த முறை மேற்கோளோடு. அழுத்தினால் கன்னடப் பேப்பர், அதில் படம். மோதிரம், மாலை, பக்கத்தில் பட்டுச்சேலையில் நாகம்மாள் அத்தை. சுகுணா நெடுநேரம் அதைப் பார்த்தாள். "சரியா இருக்குக்கா" என்றாள். எது என்று கேட்டேன். "மேற்கோள்" என்றாள்.

அன்று வேலை முடிந்து வந்து அறையில் அவள் அழுத அழுகையை நான் எழுத மாட்டேன். எனக்கே இன்னும் ஆறவில்லை. நடுவில் ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்: "அந்த ரெட் கார்டு வரிய நா எடுத்திருந்தா இப்பிடி ஆயிருக்காதுல்லக்கா?" ஒரு வரிக்காக விட்டுப் போகிறவன் ஒன்பது வரிக்கும் போவான், போனதே நல்லது என்று கத்தினேன். கத்தி என்ன பயன்? அவளுக்கு வேண்டியது நியாயமா, அந்த ஆள்தானே.

கல்யாணம் பெங்களூரில் பெரிய மண்டபத்தில். தாய்மாமன் சீர் இல்லாமல் மாலை ஏறாது. முனிவேல் முதலில் வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருந்தார். தங்கை வந்து வாசலில் உட்கார்ந்து, "நீ வராம எம் மவனுக்கு எவன் மால போடுவான்ணா" என்று அழுததும் இறங்கிவிட்டார். மாப்பிள்ளைக்கு எடுக்கும் சட்டைக்கு அளவு தெரியவில்லை என்று மகளுக்கே போன் செய்தார். அவளும் சொன்னாள். மகளுக்கென்று நினைத்திருந்த மாப்பிள்ளைக்குத் தன் கையாலேயே தட்டு ஏந்திப் போய் மாலை போட்டுவிட்டு வந்தார் அந்த மனிதர். சாப்பிடாமல் திரும்பினார் என்று மாதேஷ் சொன்னான்.

இத்தோடு அந்தப் பக்கத்தை விட்டுத் தொலைப்பாள் என்று நினைத்தேன். கல்யாணச் செய்தி பேப்பரில் வந்ததும் சுகுணா உரையாடல் பக்கத்தில் எழுதினாள்: "ஹரீஷ்குமாரின் திருமணம் நாளிதழில் வெளிவந்துள்ளது. இணைப்பு கீழே. பொருத்தமெனில் சேர்க்கவும்." திருச்சிப் பெரியவர், "நன்றி, சேர்த்துவிட்டேன்" என்று பதில் போட்டிருந்தார். அவருக்கு என்ன தெரியும் பாவம்.

"வெக்கமா இல்லையாட்டி உனக்கு?" என்று கேட்டேன்.

"நடந்தது நடந்ததுதானக்கா. இல்லன்னு நா எப்படி வெக்கறது?"

மாதேஷுக்கு மட்டும் அடங்கவில்லை. அப்பா தட்டேந்திப் போனது அவன் நெஞ்சில் முள்ளாக நின்றது. போன வாரம் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது சுகுணாவின் போனில் தகவல் வந்தது. திறந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். 'சொந்த வாழ்க்கை'யில் கல்யாண வரிக்கு மேலே புதிதாக மூன்று வரிகள். "ஹரீஷ்குமாருக்கு அவருடைய தாய்மாமன் மகள் சுகுணாவைத் தருவதாகச் சிறு வயதிலேயே பேசி முடித்திருந்தார்கள். பேரும் புகழும் வந்ததும் அவர் சுகுணாவைக் கைவிட்டு வேறு பெண்ணை மணந்தார். சுகுணா இன்றுவரை திருமணம் செய்துகொள்ளவில்லை."

எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். "கெடக்கட்டும், தொடாத. எல்லாம் உண்மைதான?" என்றேன்.

அவள் அந்த மூன்று வரியையும் மெதுவாகப் படித்தாள். மேலே போய்ப் பிறந்த ஊரிலிருந்து தொடங்கி, கிளப், கோல், சிவப்பு அட்டை எல்லாவற்றையும் தாண்டி வந்து மறுபடியும் படித்தாள். அதற்குள் மாதேஷே கூப்பிட்டுவிட்டான். அவன் சத்தம் எனக்கும் கேட்டது.

"பாத்தியா? நாந்தான் போட்டேன். எடுத்தேன்னா பாரு."

"மேற்கோள் இல்லண்ணா."

"என்னாடி மேற்கோளு? அத்தை சபையில சொல்லல? ஊரே சாட்சி!"

"ஊர்ல எல்லாருக்கும் தெரியும்ணா. எதுலயும் வரலயே. ஒரு நிச்சயம் வெச்சிருந்தாக்கூட ஒரு போட்டோ இருந்திருக்கும்."

"அப்ப இது பொய்யா? சொல்லு, பொய்யா?"

"பொய்யின்னு நா சொல்லலண்ணா" என்றபோது அவள் குரல் உடைந்துவிட்டது. "உண்மைன்னு காட்ட எங்கிட்ட ஒன்னும் இல்ல." அவன் சட்டென்று போனை வைத்தான். அழுதிருப்பான் என்று நினைக்கிறேன்.

சுகுணா நீக்கும் இடத்துக்குப் போனாள். காரணம் கேட்கும் கட்டத்தில் எப்போதும் எழுதுவதையே எழுதினாள்: மேற்கோள் இல்லை. அழுத்தினாள். பக்கம் பழையபடி சுத்தமானது.

"எம் பேரு இருந்துச்சுக்கா" என்றாள் என் தோளில் சாய்ந்து. "அவரு பேருக்குக் கீழ, அதே பக்கத்துல. பாத்தீங்கல்ல?"

பார்த்தேன் என்றேன்.

"அவரு நிச்சயத்தையும் நா இப்பிடித்தான் எடுத்தேன். அதுக்கு மறுநாளே பேப்பர் வந்துச்சு. எனக்கு எந்தப் பேப்பர்க்கா வரும்?"

மூக்கண்டப்பள்ளி நிறுத்தம் வந்தது. இறங்கி அறைவரை நடந்தோம். எனக்குக் கோபம்தான் வந்தது, அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதினேன். இது அச்சில் வந்தாலும் மேற்கோளாகச் செல்லாது. யாராவது அந்தப் பக்கத்தில் சேர்த்தாலும், சிநேகிதி எழுதியது, ஒருதலைப்பட்சமானது என்று அவளே நீக்கிவிடுவாள். நீக்கட்டும். அதற்கும் ஒருமுறை அவள் இதை முழுதாகப் படித்தாக வேண்டும் அல்லவா.