குடும்பப் பெயர் பொருந்தவில்லை

கனடாவின் மொன்றியலில் ஒரு நகரசபைக் கிளை அலுவலகத்தில், விண்ணப்பம் வாங்கும் மேசையில் பதினொரு வருடம் இருந்தவன் நான். எந்தக் கிளை என்று கேட்க வேண்டாம். பட்டம் படித்து அங்கே போகவில்லை. பிரெஞ்சு பேச வாய் இருந்தது, போனேன்.

பக்கத்துக் கதிரைக்கு ஒரு நாள் கமரூன் நாட்டுப் பெண் ஒருவர் வந்து சேர்ந்தார். தன் நாட்டில் ஒரு மாவட்ட நிர்வாகத்தில் இரண்டாம் இடத்தில் இருந்தவர். இங்கே தொலைபேசி எடுக்கும் வேலையில் தொடங்கி, மாலை வகுப்புக்குப் போய், சோதனை மேல் சோதனை எழுதி, ஆறாவது வருடம் எங்கள் பிரிவுக்கே பொறுப்பாளரானார். ஆறு மாதம் தகுதிகாண் காலம். மேலிடத்துக்குப் பிடிக்காமல் போனால் மறுபடி என் பக்கத்துக் கதிரைதான்.

அந்தத் தகுதிகாண் காலம் முடிய மூன்று கிழமை இருக்கையில், எங்கள் தமிழ் ஆள் ஒருவர் கோடை முகாமுக்கு மகளைப் பதிய வந்தார். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் அவருக்கு ஒரு குடும்பப் பெயர், மகளுக்கு இன்னொன்று. நம்மவர்களுக்கு இதில் புதினம் இல்லை. அவர் பெயருக்குப் பின்னால் அவருடைய அப்பா பெயர். பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அவர் பெயர். எங்கள் அலுவலக விதிக்கோ இரண்டும் ஒன்றாக வேண்டும், இல்லையென்றால் இவர்தான் தகப்பன் என்று சட்டப்படி உறுதிசெய்யும் நொத்தாரிசுக் கடிதம்.

"தம்பி, கடிதம் இல்லாமல் ஏலாது."

"பிறப்புப் பத்திரம் கொண்டந்திருக்கிறன், அண்ணை. உங்களுக்குத் தெரியாததே?"

"எனக்குத் தெரியும். விதி அப்பிடி."

தாள்களை மடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பின்னால் நின்ற பொறுப்பாளர் அம்மையார் என்ன நடந்தது என்று விசாரித்துவிட்டு, பிரெஞ்சில் கேட்டதை நம் பேச்சிலேயே தருகிறேன்.

"சகோதரா, உம்முடைய மகனுக்கு என்ன குடும்பப் பெயர்?"

"என்ரை பெயர், மடாம்."

"உமக்கு?"

"அப்பான்ரை பெயர்."

"அப்ப உம்முடைய மகனையும் திருப்பி அனுப்பியிருப்பீர். என்ரை அப்பாவுக்குப் பன்னிரண்டு பிள்ளையள். எங்கடை ஊரிலை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பெயர், ஒருத்தருக்கும் அவரின்ரை பெயர் இல்லை. அதுக்காக ஆரும் அவரை அப்பா இல்லையெண்டு சொல்லேல்லை."

பிறப்புப் பத்திரம் போதும் என்று அன்றே ஒரு பணிப்புத் தாள் எழுதி, கீழே தன் கையெழுத்தையும் வைத்தார். மறுநாள் அலுவலக இயக்குநர் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"உங்களை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்து வைக்கிறது நான், தெரியும்தானே?"

"தெரியும். முதலிலை இதிலை வையுங்கோ."

அவர் வைக்கவில்லை. பணிப்புத் தாளை எடுத்துக்கொண்டு மாடியேறினார். இரண்டு கிழமை ஒரு சத்தமும் இல்லை. அம்மையார் வழமைபோலச் சிரித்துக்கொண்டு வேலை பார்த்தார். பிறகு ஒரே உறையில் பணிப்புத் தாளும் நிரந்தரமாக்கும் தாளும் வந்தன, இரண்டிலும் கையெழுத்து. பணிப்பின் ஓரத்தில் பென்சிலால், இனிமேல் முதலில் என்னைக் கேளுங்கள் என்று இயக்குநர் எழுதியிருந்தார்.

"கேப்பன்," என்றார் அம்மையார். அடுத்த நிமிடமே என் முன்னால் ஒரு பட்டியலை வைத்தார். பெயர் பொருந்தவில்லை என்று அந்தப் பருவத்தில் நான் திருப்பி அனுப்பிய குடும்பங்கள். "அனுப்பினது நீர். கூப்பிடுறதும் நீர்."

முதலில் அந்தத் தகப்பனைத்தான் கூப்பிட்டேன்.

"அண்ணை, ஏலாதெண்டது நீங்கள்தானே?"

"ஓம், நான்தான். பிழை என்னிலை. வெள்ளிக்கிழமை பதிவு முடியுது, அதுக்குள்ளை வாரும்."

"நாளைக்கு வாறன்," என்றார். நான் பட்டியலில் அடுத்த தொலைபேசி இலக்கத்தை அழுத்தினேன்.